ஒரு நிமிடத்தில் நுழையும் எதிரி

மலேரியா ஒட்டுண்ணி ரத்த அணுவின் கதவைத் திறக்கும் புரதத்தையே தடுப்பூசியாக மாற்றும் முயற்சி பெங்களூரில் முதல் கட்டத்தைத் தாண்டியது. ஆனால் ஒட்டுண்ணி மாற்றுச் சாவிகளும் வைத்திருக்கிறது.

மலேரியா ஒட்டுண்ணியின் மொத்த உடலும் ஒரே ஒரு செல். ரத்தச் சிவப்பணுவைத் தாக்கும் பருவத்தில் அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். மூளை இல்லை, கண் இல்லை, கை கால் இல்லை. ஆனாலும் ஓடும் ரத்தத்தில் ஒரு சிவப்பணுவின் மீது ஒட்டி, தன் கூர்முனை அணுவின் பக்கம் வரும்படி திருப்பிக்கொண்டு, உள்ளே புகுந்து, வந்த வழியை அடைத்துவிட அதற்கு ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம் போதும்.

இந்த ஒரு நிமிடத்தை விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டாகத் துருவித் துருவி ஆராய்ந்துவருகிறார்கள். காரணம் எளிமையானது. கொசு கடித்ததும் ரத்தத்தில் இறங்கும் ஒட்டுண்ணி விரைவிலேயே கல்லீரல் செல்களுக்குள் ஒளிந்துகொள்கிறது. அங்கே ஆயிரக்கணக்கில் பெருகி வெளிவந்து, சிவப்பணுக்களுக்குள் குடியேறுகிறது. செல்லுக்குள் இருக்கும்வரை உடலின் எதிர்ப்புச் சக்தி அதை எளிதில் நெருங்க முடியாது. ஒரு செல்லைவிட்டு அடுத்த செல்லுக்குத் தாவும் இடைவெளியில் மட்டுமே அது வெட்டவெளியில் நிற்கிறது. திருடனைப் பூட்டுத் திறக்கும் நேரத்தில்தான் பிடித்தாக வேண்டும்.

பூட்டைத் திறக்கும் சாவி ஒரு புரதம். அந்தப் புரதத்தின் ஒரு துண்டை ஊசி மூலம் மனித உடலில் செலுத்தினால், அதை அடையாளம் கண்டு மறிக்கும் ஆன்டிபாடிகளை உடல் தயாரித்துக்கொள்ளுமா? டில்லியில் பிறந்த இந்தக் கேள்விக்கு முதல் விடை கிடைத்த இடம் பெங்களூர். அங்குள்ள சின்ஜீன் நிறுவனத்தின் மருத்துவப் பரிசோதனைப் பிரிவில், மலேரியா வந்திராத ஆரோக்கியமான ஆண்களுக்கு இந்தத் தடுப்பூசி போடப்பட்டது. முடிவுகள் 2018ல் வெளியாயின. தடுப்பூசி பாதுகாப்பானதாக இருந்தது. உடலில் உருவான ஆன்டிபாடிகள், சோதனைச்சாலையில் அந்தச் சாவியைப் பூட்டில் நுழையவிடாமல் தடுத்தன.

இது விவாக்ஸ் வகை மலேரியாவுக்கான தடுப்பூசி என்பதுதான் இதில் முக்கியம். மலேரியா என்றதும் உலகம் முதலில் நினைப்பது ஃபால்சிபாரம் வகையை. ஆப்பிரிக்கக் குழந்தைகளைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். அதற்கு இப்போது இரண்டு தடுப்பூசிகள் உள்ளன. 2021ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்.டி.எஸ்.,எஸ் ஒன்று. 2023ல் பரிந்துரைக்கப்பட்ட ஆர்21 மற்றொன்று. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய இரண்டாவதைத் தயாரிப்பது புனேயின் சீரம் நிறுவனம். இரண்டும் விவாக்ஸைத் தடுக்க உருவானவை அல்ல. 2025 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அறிவித்த ‘அட்ஃபால்சிவாக்ஸ்’ தடுப்பூசியும் ஃபால்சிபாரத்தைக் குறிவைப்பதுதான்.

விவாக்ஸோ ஆசியாவின் தலைவலி, குறிப்பாக இந்தியாவின் தலைவலி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2018ல் உலகில் விவாக்ஸ் மலேரியா கண்டவர்களில் 47 சதவீதம் பேர் இந்தியாவில் இருந்தார்கள். கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் முட்டையிடும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி கொசுவின் தயவால் சென்னைவாசிகள் பல தலைமுறைகளாக அறிந்த முறைக்காய்ச்சலும் பெரும்பாலும் இதுதான். இது கொல்வது குறைவு. ஆனால் விடுவதில்லை. விவாக்ஸ் ஒட்டுண்ணிகளில் ஒரு பகுதி கல்லீரலிலேயே உறங்கிவிடும். வாரங்கள் கழித்தோ மாதங்கள் கழித்தோ விழித்தெழுந்து, புதிதாகக் கொசு கடிக்காமலேயே மீண்டும் காய்ச்சலைக் கொண்டுவரும். உறங்கும் ஒட்டுண்ணியை ஒழிக்க பிரைமாகுயின் மாத்திரையை வழக்கமாக 14 நாட்கள் சாப்பிட வேண்டும். காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே மாத்திரையை மறந்துவிடுவோர் ஏராளம். தினக்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு காய்ச்சலும் சில நாள் சம்பளம் போனதற்குச் சமம்.

ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகும் விதம் பிற கிருமிகளின் வழியிலிருந்து மாறுபட்டது. பல கிருமிகள், தாங்கள் நுழைய வேண்டிய செல்லையே ஏமாற்றித் தங்களை விழுங்கவைத்துவிடுகின்றன. முதிர்ந்த சிவப்பணுவிடம் அந்த வித்தை பலிக்காது. உட்கரு இல்லாத அந்த அணுவுக்கு எதையும் விழுங்கும் திறன் இல்லை. எனவே உள்ளே போகும் வேலை முழுவதையும் ஒட்டுண்ணியே செய்தாக வேண்டும்.

அதற்கான கருவிகள் அதன் கூர்முனையில் தயாராக இருக்கின்றன. அங்கே மிக நுண்ணிய பைகள் இரண்டு வகை. ஒரு வகையின் பெயர் மைக்ரோனீம், மற்றொன்று ராப்ட்ரி. சிவப்பணுவைத் தொட்டதும் முதலில் மைக்ரோனீம் பைகள் திறந்து, ஒட்டிக்கொள்ளும் புரதங்களை ஒட்டுண்ணியின் மேற்பரப்புக்கு அனுப்புகின்றன. அவை சிவப்பணுவின் தோலில் உள்ள குறிப்பிட்ட மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கின்றன. சாவி பூட்டில் பொருந்துவது இந்தக் கட்டத்தில்தான்.

அடுத்து நடப்பது கொஞ்சம் துணிச்சலான வேலை. ராப்ட்ரி பையிலிருந்து ‘ரான்’ என்ற புரதக் கூட்டத்தை ஒட்டுண்ணி சிவப்பணுவின் தோலுக்குள் செலுத்துகிறது. அவற்றில் ஒன்றை, தன் மேற்பரப்பில் உள்ள ஏ.எம்.ஏ.1 என்ற புரதத்தால் இறுகப் பற்றிக்கொள்கிறது. அதாவது, ஏறுவதற்கான கொக்கியை எதிரியின் சுவரில் தானே அடித்து, அதைத் தானே பிடித்துக்கொள்கிறது. பிடி கிடைத்ததும் உள்ளிருக்கும் புரத மோட்டார் இயங்கத் தொடங்குகிறது. மனிதத் தசைகளை இயக்கும் ஆக்டின், மயோசின் புரதங்களின் உறவுக்காரப் புரதங்கள்தான் இந்த மோட்டாரில் இருக்கின்றன. அது இழுக்க இழுக்க ஒட்டுண்ணி அங்குலம் அங்குலமாக உள்ளே போகிறது. போகும்போதே சிவப்பணுவின் தோலை உள்பக்கமாக மடித்து, தன்னைச் சுற்றி ஒரு பையாக ஆக்கிக்கொள்கிறது. பூனை, ஆடு ஆகியவற்றின் வழியாக மனிதருக்கு வரும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒரு செல் ஒட்டுண்ணியும் இதே கொக்கி உத்தியைத்தான் கையாள்கிறது. இரண்டும் ஒரே குலத்தில் பிறந்தவை.

விவாக்ஸின் பூட்டைக் கண்டுபிடித்த கதை ரத்த வகைகளில் தொடங்குகிறது. ஏ, பி, ஓ வகைகளைப் போல சிவப்பணுவின் மேல் இருக்கும் ‘டஃபி’ என்ற மூலக்கூறை வைத்தும் ரத்தத்தைப் பிரிக்கலாம் என்பது 1950ல் தெரியவந்தது. மேற்கு ஆப்பிரிக்க மக்களில் ஏறக்குறைய எவருடைய சிவப்பணுவிலும் டஃபி இல்லை. அவர்களிடம் விவாக்ஸ் மலேரியாவும் இல்லை. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று காட்டியவர் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் லூயிஸ் மில்லர். குரங்குகளுக்கு மலேரியா தரும் நோலெசி ஒட்டுண்ணி, டஃபி இல்லாத மனித அணுக்களுக்குள் நுழைய முடியாமல் திணறுவதை அவரது குழு 1975ல் கண்டது. மறு ஆண்டே விவாக்ஸுக்கும் அதே கதிதான் என்பது தெளிவாயிற்று.

உடலுக்கு டஃபியால் என்ன பயன் என்பது 1993ல் தெரிந்தது. அழற்சியின்போது செல்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் கீமோகைன் என்ற புரதங்களைப் பற்றிக்கொள்ளும் கைப்பிடி அது. உடல் தன் சொந்த வேலைக்காக வைத்த கைப்பிடியை ஒட்டுண்ணி கதவாக்கிக்கொண்டது.

அந்தக் கதவின் சாவிக்குப் பெயர் டஃபி பிணைப்புப் புரதம். மிகப் பெரிய இந்தப் புரதத்தில் எந்தப் பகுதி சாவியின் பல்லாக வேலை செய்கிறது என்று கண்டறிந்தவர் சேத்தன் சிட்னிஸ். இயற்பியல் படித்துவிட்டு உயிரியலுக்கு வந்த இவர், மில்லரின் ஆய்வகத்தில் இருந்தபோது 1994ல் அதைக் கண்டுபிடித்தார். ‘இரண்டாம் பகுதி’ என்று அதற்குப் பெயர். பின்னர் டில்லியில் உள்ள மரபுப் பொறியியல் மற்றும் உயிரித் தொழில்நுட்பத்துக்கான சர்வதேச மையத்துக்கு வந்து, அதைத் தடுப்பூசியாக்கும் வேலையில் இறங்கினார். பெங்களூரில் இயங்கும் இன்ஃபோசிஸ் அறிவியல் அறக்கட்டளை 2010ல் உயிரியலுக்கான தன் பரிசை இவருக்கு வழங்கியது. 2006ல் அதே டில்லி மையத்தின் அமித் சர்மாவும் சிட்னிஸும் சகாக்களும், நோலெசி ஒட்டுண்ணியின் சாவிப் பகுதி எப்படி மடிந்திருக்கிறது என்பதைப் படம்பிடித்து வெளியிட்டார்கள்.

மடிப்பு என்பது இங்கே சாதாரண விஷயமல்ல. புரதம் ஒரு நீளமான சங்கிலி. அது சரியாக மடிந்தால்தான் சாவியின் வடிவம் வரும். பாக்டீரியாவில் இந்தப் புரதத்தைத் தயாரித்தால் அது சிக்கலான நூல்கண்டுபோல உருக்குலைந்து கிடைக்கிறது. அதைப் பிரித்து, மீண்டும் சரியாக மடியவைக்கும் முறையைக் கண்டுபிடிக்கவே டில்லி விஞ்ஞானிகள் பெரும்பாடு பட்டார்கள். இன்னொரு தடையும் உண்டு. ஃபால்சிபாரத்தை 1976 முதல் சோதனைச்சாலைக் குடுவைகளில் தொடர்ந்து வளர்க்க முடிகிறது. விவாக்ஸ் அப்படி வளர்வதில்லை. அது நுழைவது பிறந்து ஓரிரு நாளே ஆன இளம் சிவப்பணுக்களில் மட்டுமே. ரத்தத்தில் அவை நூற்றில் ஒன்றிரண்டுதான். எனவே தடுப்பூசி வேலை செய்கிறதா என்று குடுவையில் பார்த்துவிட்டு மனிதரிடம் போகும் வசதி விவாக்ஸ் ஆராய்ச்சியாளர்களுக்கு இல்லை.

எனினும் நம்பிக்கை தரும் ஒரு தடயம் இயற்கையிலேயே கிடைத்தது. பாப்புவா நியூகினியில் மலேரியா மண்டிய கிராமங்களில், சாவியைத் தடுக்கும் வீரியமான ஆன்டிபாடிகள் தாமாகவே உருவாகியிருந்த குழந்தைகளுக்கு விவாக்ஸ் தொற்று குறைவாக வந்தது. இது 2008ல் வெளியான ஆய்வு. இயற்கை சில குழந்தைகளுக்கு மட்டும் தருவதை ஊசியால் எல்லோருக்கும் தர முடியுமா என்பதே பெங்களூர்ப் பரிசோதனையின் பின்னணி.

அங்கே 10, 25, 50 மைக்ரோகிராம் என மூன்று அளவுகள் சோதிக்கப்பட்டன. இவற்றில் பெரிய அளவே ஒரு கிராமில் 20,000ல் ஒரு பங்குதான். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் துணைப்பொருள் ஒன்றும் சேர்க்கப்பட்டது. விவாக்ஸ் ஊருக்கு ஊர் சாவியின் வடிவத்தைச் சிறிது மாற்றிக்கொள்ளும் குணமுடையது. ஒரு ரகத்தை வைத்துத் தயாரித்த தடுப்பூசி மற்ற ரகங்களிடம் பலிக்காமல் போகலாம் என்ற பயம் இருந்தது. ஆனால் இந்தப் பரிசோதனையில் கிடைத்த ஆன்டிபாடிகள் வேறு ரகச் சாவிகளையும் மறித்தன. நோயைத் தடுக்குமா என்ற கேள்விக்கு முதல் கட்டப் பரிசோதனை பதில் சொல்வதில்லை. அது அடுத்த படி.

அந்தப் படி இங்கிலாந்தில் ஏறப்பட்டது. டில்லியில் உருவான அதே புரதத்தை வேறொரு துணைப்பொருளுடன் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் தொண்டர்களுக்குப் போட்டார்கள். பின்னர், அவர்களின் முழுச் சம்மதத்துடனும் மருத்துவர்களின் கண்காணிப்பிலும், விவாக்ஸ் ஒட்டுண்ணி இருக்கும் ரத்தத்தைச் சிறிதளவு செலுத்தி நோயை வரவழைத்தார்கள். இடையில் கொரோனா குறுக்கிட்டு ஊசிகளுக்கு இடையிலான காலம் நீண்டுபோனது. அதுவே நன்மையாக முடிந்தது. நீண்ட இடைவெளியில் ஊசி பெற்றவர்களின் உடலில் ஒட்டுண்ணி பெருகும் வேகம் சராசரியாக 51 சதவீதம் குறைந்திருந்தது. 2023ல் இந்த முடிவுகள் வெளியாயின. ரத்தத்தில் விவாக்ஸின் பெருக்கத்தை ஒரு தடுப்பூசி மனிதரிடம் மட்டுப்படுத்தியதற்கு முக்கியமான சான்று இது.

பாதி வெற்றி என்றால் பாதி தோல்வியும்தான். கதவு முழுவதும் மூடவில்லை. ஏன் என்பதற்கான தடயங்கள் வேறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. டஃபி இல்லாத மனிதர்களுக்கும் விவாக்ஸ் வருவது மடகாஸ்கரில் உறுதியாகி 2010ல் வெளியானது. அப்படியானால் வேறு வழியும் இருக்க வேண்டும். இளம் சிவப்பணுவின் மேல் இரும்புச் சத்தை உள்ளே கொண்டுசெல்லும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை விவாக்ஸின் இன்னொரு புரதம் பற்றிக்கொள்கிறது என்பது 2018ல் தெரியவந்தது. ஃபால்சிபாரமோ ஒரு கொத்துச் சாவியே வைத்திருக்கிறது. ஒன்று அடைபட்டால் அடுத்ததை எடுக்கும். அந்தக் கொத்தில் மாற்று இல்லாத ஒரே சாவி என்று கருதப்படும் ஆர்.எச்.5 புரதம் பற்றும் பூட்டு, 2011ல் இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வு நிறுவனத்தில் அடையாளம் காணப்பட்டது. அந்தப் புரதத்தை வைத்துச் செய்த தடுப்பூசி, புர்கினா ஃபாசோவில் குழந்தைகளிடம் நடந்த பரிசோதனையில் மூன்றாவது ஊசியைத் தள்ளிப் போட்ட பிரிவில் 55 சதவீதப் பாதுகாப்பு தந்தது. 2024ல் வந்த செய்தி இது. இங்கேயும் தள்ளிப்போட்ட ஊசியே கைகொடுத்தது.

மாற்று வழி வைத்திருக்கும் இந்தக் குணம் கதவோடு நிற்பதில்லை, வீட்டுக்குள்ளும் தொடர்கிறது. இதைப் பெங்களூர் விஞ்ஞானிகள் நன்றாக அறிவார்கள். உள்ளூர் மக்கள் டாடா இன்ஸ்டிடியூட் என்று அழைத்துப் பழகிய இந்திய அறிவியல் கழகத்தில், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஜி. பத்மநாபன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். 1994 முதல் 1998 வரை அந்தக் கழகத்தின் இயக்குநராகவும் இருந்தவர் அவர். சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினைத் தின்று வாழும் ஒட்டுண்ணிக்கு அதிலுள்ள ‘ஹீம்’ என்ற பொருள் மலைபோலக் கிடைக்கிறது. இருந்தும் அது ஹீமைத் தானாகவும் தயாரிக்கிறது என்று அவரது குழு காட்டியது. அதற்கு வேண்டிய ஒரு நொதியைச் சிவப்பணுவிடமிருந்தே இறக்குமதி செய்துகொள்கிறது என்பது 2000ல் வந்த கண்டுபிடிப்பு. 2013ல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. எலிகளைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணியில் ஹீம் தயாரிப்பை நிறுத்தியபோது, ரத்தத்தில் அது பிழைத்துக்கொண்டது. கொசுவின் உடலிலும் கல்லீரலிலும் பிழைக்க முடியவில்லை.

பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தின் நமிதா சுரோலியாவுக்கும், இந்திய அறிவியல் கழகத்தின் அவதேஷ சுரோலியாவுக்கும் நேர்ந்த அனுபவமும் ஏறக்குறைய இதுதான். பற்பசையிலும் சோப்பிலும் சேர்க்கப்பட்டுவந்த டிரைக்ளோசன் என்ற கிருமிநாசினி மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்கிறது என்று 2001ல் அவர்கள் அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. கொழுப்பு அமிலம் தயாரிக்கும் ஒரு நொதியை அது முடக்குவதாக அவர்கள் கண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, அந்தத் தயாரிப்பு முறை இல்லாமலேயே ரத்தத்தில் ஒட்டுண்ணி வாழ முடியும், கல்லீரல் கட்டத்தில்தான் அது அவசியம் என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டின. ஒரு வழியை அடைத்தால் மறு வழி. ஆனால் எந்தப் பருவத்தில் எந்த வழி மட்டுமே உண்டு என்ற வரைபடம் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பூர்த்தியாகிறது.

எனவே இனி வரும் தடுப்பூசிகள் ஒரே கதவை நம்பியிருக்க முடியாது என்பது தெளிவு. கல்லீரலுக்குள் நுழையும்போது ஒரு தடை, சிவப்பணுவின் வாசலில் டஃபி சாவிக்கு ஒரு தடை, அதன் மாற்றுச் சாவிக்கு இன்னொரு தடை என்று பல புரதங்களைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். 51 சதவீதம் என்பது அப்படிப்பட்ட கூட்டில் ஒரு பங்காளியாக மதிக்கத்தக்க எண். பெருகும் வேகம் பாதியானால், ஒட்டுண்ணியின் எண்ணிக்கை நோயாக முற்றும் முன் உடலுக்குச் சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

பெங்களூருக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவு பழையது. 1883ல் அங்கே ராணுவ மருத்துவராக வந்த ரொனால்ட் ராஸ், தன் பங்களாவில் கொசுத்தொல்லை தாங்காமல் காரணம் தேடினார். வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்ததும் கொசு குறைந்தது. மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்பதற்கான சான்றை அவர் செகந்திராபாத்தில் கண்டது 14 ஆண்டுகளுக்குப் பிறகு, 1897 ஆகஸ்ட்டில். தொட்டியைக் கவிழ்க்கும் அந்த வைத்தியம் இன்றும் பலிக்கிறது. ஆனால் கல்லீரலில் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருக்கும் ஒட்டுண்ணியை அது எட்டாது.

2030க்குள் மலேரியாவை ஒழிப்பது என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. ஃபால்சிபாரத்துக்குப் பெரும் அறக்கட்டளைகளின் பணம் வருகிறது. விவாக்ஸால் அவதிப்படுபவர்களோ பெரும்பாலும் இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா போன்ற நாடுகளின் ஏழைகள். அவர்களுக்காகக் காத்திருக்கும் சந்தை பெரிதல்ல. சாவியைக் கண்டுபிடித்தவர் இந்தியர், தடுப்பூசியை உருவாக்கியது டில்லி, மனிதரிடம் முதலில் சோதித்தது பெங்களூர். மலேரியா உள்ள ஊர்களில் பெரிய பரிசோதனைகளை நடத்தும் அடுத்த கட்டத்துக்கான பணத்தையும் பொறுமையையும் இந்தியாவே தர வேண்டியிருக்கும். உலகின் விவாக்ஸ் நோயாளிகளில் பாதிப் பேரை வைத்திருந்த நாடு, அந்த வேலையை வேறு யாராவது செய்வார்கள் என்று காத்திருக்க முடியாது.